மூளைக்குள் ஒரு பச்சை விளக்கு: செரடோனின் சென்சாருக்கு மெருகு ஏற்றுவது எப்படி?

கம்ப்யூட்டர் வைத்திருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் ஜலகண்டாபுரத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. பட்டா நகல் எடுப்பதில் இருந்து ஜாதகம் பார்ப்பது வரை யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். அப்படித்தான் ஒரு நாள் என் சித்தப்பா கையில் ஒரு லேப் ரிப்போர்ட்டோடு வந்தார். விசைத்தறி ஓட்டுகிறவர். மன அழுத்தத்துக்காகச் சேலத்தில் ஒரு டாக்டரிடம் காட்டி மாத்திரை சாப்பிட்டு வருகிறார். யாரோ சொன்னார்கள் என்று தானாகப் போய் ஒரு பரிசோதனைக் கூடத்தில் பணம் கட்டி 'செரடோனின் டெஸ்ட்' எடுத்திருக்கிறார்.

"ஏன்டா, இந்த நம்பர் என் மூளைல இருக்கறதுதானா?"

"இல்லைங்க சித்தப்பா, இது ரத்தத்துல இருக்கறது."

"அப்ப மூளைல இருக்கறத எப்படிடா பாக்கறது?"

நல்ல கேள்வி. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடிப் போனபோது, புரதத்தில் சென்சார் செய்கிற வேலையில் பாதியைக் கம்ப்யூட்டர்தான் செய்கிறது என்று தெரிந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே நாமும் இதில் சிலவற்றைச் செய்து பார்க்கலாம். அதனால்தான் இந்தப் பாடத்தை நம் இதழுக்கு எழுதுகிறேன்.

முதலில் அந்த ரிப்போர்ட் விஷயம்

நம் உடம்பில் உள்ள செரடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் தட்டணுக்களுக்குள் சேமிக்கப்பட்டது. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்டி செரடோனின் உள்ளே போவதில்லை. மூளை தனக்கு வேண்டியதை டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தில் இருந்து தானே தயாரித்துக் கொள்கிறது. ஆகவே ரத்தத்தில் எடுத்த எண்ணை வைத்து மூளையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. குடலில் வரும் சிலவகைக் கட்டிகளைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் இந்தப் பரிசோதனையைப் பயன்படுத்துவதுண்டு. சித்தப்பாவுக்கு அது தேவையே இல்லை.

ரத்தத்தில் இருந்து இந்தப் பொருளைப் பிரித்தெடுத்து 1948-ல் செரடோனின் என்று பெயர் வைத்தார்கள். அது மூளையிலும் இருக்கிறது என்று 1953-ல் பெட்டி ட்வாரோக், இர்வின் பேஜ் இருவரும் காட்டினார்கள். மூளைத் தண்டில் 'ராஃபே' என்ற இடத்தில் உள்ள சில லட்சம் நரம்பு செல்கள்தான் இதைத் தயாரித்து மூளை முழுக்க அனுப்புகின்றன. மனித மூளையில் இருக்கும் மொத்த நரம்பு செல்கள் சுமார் 8,600 கோடி. அத்தனை பெரிய ஊருக்கு இத்தனை சின்ன நீரேற்று நிலையம்!

ஒரு நரம்பு செல் செரடோனினை வெளியே விடுவதும் அது பரவி மறைவதும் நொடிக்குள் நடந்து முடிகிற வேலை. பழைய முறையில் மூளைக்குள் மெல்லிய குழாயைச் செருகி, கசியும் திரவத்தைச் சேகரித்து அளப்பார்கள். ஒரு அளவுக்குச் சில நிமிடங்கள் ஆகும். ஓடுகிற பஸ்ஸை அரைமணிக்கு ஒருமுறை போட்டோ எடுத்து வேகம் கண்டுபிடிப்பது போலத்தான். கார்பன் இழை மின்முனை வைத்து அளப்பது வேகமானது. ஆனால் ஊசி குத்திய இடத்தில் மட்டும்தான் தெரியும். செரடோனினே அந்த முனையில் படிந்து அதைக் கெடுத்தும் விடும்.

மும்பையில் பார்த்த குடோன்

செரடோனினுக்கு இயல்பாகவே ஒரு சின்ன ஒளிர்வு உண்டு. ஆனால் அது நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாப் பகுதியில் வருகிறது. அதைத் தூண்டுவதற்கும் புற ஊதாக் கதிர் வேண்டும். அந்தக் கதிர் உயிருள்ள செல்லுக்குக் கெடுதல்.

இதற்கு ஒரு குறுக்குவழி கண்டவர்களில் ஒருவர் சுதிப்தா மைத்தி. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வாட் வெப் ஆய்வுக்குழுவில் இருந்தபோது, 1997-ல் 'சயின்ஸ்' இதழில் இதை வெளியிட்டார்கள். செல்லுக்கு அதிகம் கெடுதல் செய்யாத அகச்சிவப்பு லேசர் துடிப்புகளைக் குவித்து, மூன்று ஒளித்துகள்கள் ஒரே நேரத்தில் ஒரு செரடோனின் மூலக்கூறின் மேல் விழும்படி செய்தார்கள். மூன்றின் சக்தியும் சேர்ந்து ஒரு புற ஊதாத் துகளின் வேலையைச் செய்துவிடும். தனியாகத் தள்ள முடியாத வண்டியை மூன்று பேர் 'ஏலேலோ' போட்டு ஒரே மூச்சில் தள்ளுவது போல. மைத்தி பிறகு மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து இந்த வேலையைத் தொடர்ந்தார். உயிருள்ள தனித்தனி நரம்பு செல்களில் செரடோனின் அளவை அளந்து 2005-லும், மூளைத் துண்டில் செல்லின் உடல் பகுதியில் இருந்தே செரடோனின் வெளியேறுவதை 2008-லும் அவருடைய குழு வெளியிட்டது.

சாயம் ஏற்றாமல், மரபணுவை மாற்றாமல், செரடோனினை அதன் சொந்த வெளிச்சத்திலேயே பார்க்கும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு எல்லை உண்டு. செல்லுக்குள் சின்னச் சின்னக் குமிழ்களில் செரடோனின் நெருக்கி அடைத்து வைக்கப்பட்டிருக்கும்போது நன்றாகத் தெரிகிறது. வெளியே வந்து கரைந்து பரவியதும் வெளிச்சம் போதுவதில்லை. குடோனில் சரக்கு குறைவது தெரியும். எந்தத் தெருவில், எந்தக் கடையில் இறங்கியது என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள கடை வாசலில் ஒரு விளக்கு வேண்டும். சரக்கு வந்தால் எரிய வேண்டும், போனால் அணைய வேண்டும்.

உங்கள் ஸ்கிரீனில் ஒரு புரதம்

அந்த விளக்குக்கு பல்பு கொடுத்தது ஜெல்லி மீன். 1962-ல் ஒசாமு ஷிமோமுரா ஒரு ஜெல்லி மீனில் இருந்து பச்சை ஒளிர் புரதத்தைப் பிரித்தெடுத்தார். சுருக்கமாக ஜிஎஃப்பி என்பார்கள். 1992-ல் டக்ளஸ் பிராஷர் அதன் ஜீனைப் பிரித்துப் படித்தார். 1994-ல் மார்ட்டின் சால்ஃபி அதை வேறு உயிர்களுக்குள் எரிய வைத்துக் காட்டினார். ரோஜர் சியென் அதைப் பல நிறங்களுக்கு மாற்றினார். ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஜீனைக் கொடுத்து உதவிய பிராஷர் அப்போது ஒரு கார் கம்பெனியில் வண்டி ஓட்டிக் கொண்டிருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள். பிரவுசரில் 'புரோட்டீன் டேட்டா பேங்க்' என்று தேடினால் ஆர்சிஎஸ்பி என்ற தளம் வரும். உலகில் கண்டுபிடிக்கப்பட்ட புரத அமைப்புகள் எல்லாம் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. தேடல் பெட்டியில் 1ஈஎம்ஏ என்று ஆங்கில எழுத்துக்களில் டைப் செய்யுங்கள். 1996-ல் வெளியான ஜிஎஃப்பி அமைப்பு இது. வரும் பக்கத்தில் 'ஸ்ட்ரக்சர்' என்ற டேபைக் க்ளிக் செய்தால் மோல்ஸ்டார் என்ற புரோகிராம் பிரவுசருக்குள்ளேயே திறக்கும். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். மவுஸை அழுத்திப் பிடித்துச் சுற்றுங்கள். மவுஸ் சக்கரத்தை உருட்டினால் கிட்டே போகலாம்.

உங்கள் முன்னால் இருப்பது ஒரு பீப்பாய். 11 பட்டைகளை வரிசையாக நிற்க வைத்துப் பின்னியது. மொத்தம் 238 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. பீப்பாயின் நடுவே குறுக்காக ஓடும் இழையில், குச்சி குச்சியாகத் தனித்துத் தெரியும் சின்ன அமைப்புதான் பல்பின் இழை. 65, 66, 67 ஆகிய மூன்று இடங்களில் உள்ள அமினோ அமிலங்கள் தாமாகவே இணைந்து உருவானது அது. பீப்பாய் தண்ணீரை உள்ளே விடாமல் காப்பதால்தான் அது எரிகிறது.

நீங்கள் பார்ப்பது ஜெல்லி மீனில் இருந்த அசல் கூட இல்லை. 65-ஆம் இடத்தில் செரின் என்பதை எடுத்துவிட்டு திரியோனின் என்பதை வைத்து சியென் குழு 1995-ல் மேம்படுத்திய வகை. 238-ல் ஒரே ஒரு மாற்றம், வெளிச்சம் பல மடங்கு கூடியது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஜக்கார்டு அட்டையில் ஒரு துளையை மாற்றிக் குத்தினால் சேலையின் பூ மாறிவிடுகிறது அல்லவா? ஜீன்தான் அட்டை. புரதம்தான் துணி.

இன்னொரு விஷயம். இப்படி வெளியாகும் ஒவ்வொரு புரத அமைப்பும் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க ஒரு வரைபடம் உண்டு. அதன் பெயர் ராமச்சந்திரன் வரைபடம். ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து 1963-ல் வெளியிட்டது. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும், எந்தக் கோணத்தில் அணுக்கள் முட்டிக் கொள்ளும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நம் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்கள் பிறப்பதற்கு வெகு முன்பு!

லேபிள் வேறு, சென்சார் வேறு

ஐதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் அமிதாப சட்டோபாத்யாய் குழு, செரடோனினைப் பிடிக்கும் ஒரு ஏற்பியின் வாலில் மஞ்சள் ஒளிர் புரதத்தை ஒட்டி, அந்த ஏற்பி செல் சவ்வில் எப்படி நகர்கிறது என்று ஆராய்ந்து 2004-ல் வெளியிட்டது. இது லேபிள். ஏற்பி எங்கே இருக்கிறது என்று எப்போதும் காட்டிக் கொண்டிருக்கும். சென்சார் அப்படி அல்ல. செரடோனின் வந்தால்தான் பிரகாசமாக வேண்டும். அதற்கு பல்புக்கு ஒரு சுவிட்ச் வேண்டும்.

சுவிட்ச் செய்த விதம் வேடிக்கையானது. ஒரு வளையலை நினைத்துக் கொள்ளுங்கள். அதில் ஏற்கெனவே ஒரு இடத்தில் வெட்டு இருக்கிறது. அந்த வெட்டைப் பற்ற வைத்து மூடிவிட்டு, வேறு இடத்தில் புதிதாக வெட்டுங்கள். வளையல் அதே வளையல்தான், வாய் மட்டும் இடம் மாறிவிட்டது. 1999-ல் சியென் குழு ஜிஎஃப்பியை இப்படித்தான் செய்தது. பல்பின் இழைக்கு மிக அருகே பீப்பாயில் புது வாய் வந்தது. அந்த வாயின் இரு முனைகளையும் வேறு ஒரு புரதத்தோடு கோத்துவிட்டால், அந்தப் புரதம் அசையும்போதெல்லாம் வாய் திறந்து மூடும். விளக்கு மங்கிப் பிரகாசிக்கும். 2001-ல் ஜப்பானில் நக்காய் குழு இதே முறையில் கால்சியத்துக்கு ஜிகேம்ப் என்ற சென்சாரைச் செய்தது. 2013-ல் குளுட்டமேட்டுக்கு 'ஐ-குளு-ஸ்னிஃபர்' வந்தது. ஸ்னிஃபர் என்றால் மோப்பம் பிடிப்பது. பொருத்தமான பெயர்.

செரடோனினுக்கு மட்டும் அப்படிப்பட்ட சுவிட்ச் கைக்குக் கிடைக்கவில்லை. பாக்டீரியாக்களிடம் சிப்பி போல இரண்டு மூடிகள் கொண்ட புரதங்கள் நிறைய உண்டு. உணவுப் பொருள் உள்ளே விழுந்ததும் டக்கென்று மூடிக்கொள்ளும். செரடோனினுக்கென்று நல்ல சிப்பி இல்லாததால் இருக்கிற ஒன்றை மாற்றித்தான் ஆக வேண்டும். அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் லின் டியான் குழுவும், ஜனேலியா ஆய்வு மையத்தில் லோரன் லூகர் குழுவும் சேர்ந்து இதில் இறங்கின. அவர்கள் எடுத்துக்கொண்டது அசிட்டைல்கோலின் என்ற வேறு பொருளை மோப்பம் பிடிக்கும் ஒரு சென்சார். அதிலிருந்து பிறந்ததுதான் 2020 டிசம்பரில் 'செல்' இதழில் வந்த 'ஐ-சீரோ-ஸ்னிஃபர்'.

கணக்கு மிரட்டும் இடம்

சிப்பியின் உள்பக்கத்தை எப்படி மாற்றுவது? ஒவ்வொரு இடத்திலும் 20 வகை அமினோ அமிலங்களில் ஒன்றை வைக்கலாம். எக்செல் திறந்து ஏதாவது ஒரு கட்டத்தில் =20^5 என்று அடித்து என்டர் தட்டுங்கள். 32 லட்சம் வரும். ஐந்தே ஐந்து இடங்களை மாற்றுவதற்கு இத்தனை வழிகள். ஆய்வகத்தில் ஒரு தட்டில் 96 குழிகள் இருக்கும். 32 லட்சத்தை 96-ஆல் வகுத்தால் 33 ஆயிரத்துச் சொச்சம் தட்டுகள். தினம் ஒரு தட்டு என்றால் 91 வருடம்! இப்போது =20^10 என்று அடித்துப் பாருங்கள். பத்து லட்சம் கோடியைத் தாண்டிவிடும். ஐ-சீரோ-ஸ்னிஃபரில் மாற்றப்பட்ட இடங்கள் பத்துக்கும் மேல். எல்லாவற்றையும் செய்து பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

எனவே இரண்டு படியாகச் செய்தார்கள். முதல் படியில் ரொசெட்டா என்ற சாஃப்ட்வேர். புரதத்துக்குள் செரடோனினைக் கம்ப்யூட்டரிலேயே உட்கார வைத்து, எந்த மாற்றம் செய்தால் நன்றாகப் பொருந்தும் என்று கணக்கிடும் புரோகிராம் இது. இதை வளர்த்தெடுத்த டேவிட் பேக்கருக்கு 2024-ல் வேதியியல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. ரொசெட்டா கொடுத்த யோசனைகளைச் செய்து பார்த்தபோது, அசிட்டைல்கோலின் மேல் இருந்த மோகம் குறைந்து செரடோனினை லேசாக மோப்பம் பிடிக்க ஆரம்பித்தது. லேசாகத்தான். மெருகு போதவில்லை.

இரண்டாம் படியில் மெஷின் லேர்னிங். செய்து பார்த்த மாற்றங்களை எல்லாம் ஒரு அட்டவணையாக்கினார்கள். நம் எக்செல் ஷீட் மாதிரிதான். ஒவ்வொரு வரியிலும் ஒரு மாதிரி. எந்த இடத்தில் எந்த அமினோ அமிலம் என்பது பத்திகளில். கடைசிப் பத்தியில் விளக்கு எவ்வளவு பிரகாசமானது என்ற எண். இதைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, இன்னும் செய்யாத மாதிரிகளில் எது நன்றாக வரும் என்று கேட்டார்கள். பயன்பட்டவற்றில் முக்கியமான ஒன்று 'ரேண்டம் ஃபாரஸ்ட்' முறை.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் தறிக் கூடத்துக்கு வாருங்கள். பாவு நூல் அடிக்கடி அறுகிறது. ஏன் என்று ஒருவரைக் கேட்டால் கஞ்சி சரியில்லை என்பார். இன்னொருவர் காற்றில் ஈரம் இல்லை என்பார். மூன்றாமவர் தறி வேகத்தைச் சொல்வார். ஒவ்வொருவரும் சில நாட்களை மட்டுமே பார்த்தவர், சில காரணங்களை மட்டுமே யோசித்தவர். தனித்தனியே யாரையும் நம்ப முடியாது. ஆனால் ஐந்நூறு பேரைக் கேட்டு ஓட்டு எண்ணினால் உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். ரேண்டம் ஃபாரஸ்டில் ஒவ்வொரு மரமும் அப்படி ஒரு ஆள். அட்டவணையில் இருந்து குலுக்கல் முறையில் சில வரிகளும் சில பத்திகளும் மட்டும் அதற்குக் கொடுக்கப்படும். இதன் கூடவே நேர்கோட்டுக் கணக்கு முறை ஒன்றையும் வைத்துக்கொண்டார்கள். இந்த மாற்றத்துக்கு இத்தனை கூட்டு, அந்த மாற்றத்துக்கு இத்தனை கழி என்று போடும் எளிய கணக்கு அது.

கம்ப்யூட்டர் யோசித்த மாதிரிகள் சுமார் இரண்டரை லட்சம். அவற்றில் இருந்து தேர்ந்தெடுத்தவற்றை மூன்று சுற்று ஆய்வகத்தில் சோதித்து ஒன்றைப் பிடித்தார்கள். அது எலியின் மூளையில், எலி ஓடியாடிக் கொண்டிருக்கும்போதே வேலை செய்தது. பயப்படும்போதும், இன்னொரு எலியோடு பழகும்போதும், தூங்கி விழிக்கும்போதும் செரடோனின் ஏறி இறங்குவதை முடி போன்ற கண்ணாடி இழை வழியாகப் பார்த்தார்கள். நீல ஒளி உள்ளே போகும், பச்சை ஒளி திரும்பி வரும்.

வீட்டில் இந்த முறையைப் பழக விரும்பினால் நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகம் தரும் வேகா என்ற இலவச சாஃப்ட்வேரை டவுன்லோட் செய்து கொள்ளுங்கள். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. அதோடு வரும் பயிற்சி ஃபைல்களில் ஒன்றைத் திறந்து, 'கிளாஸிஃபை' டேபில் ரேண்டம் ஃபாரஸ்டைத் தேர்ந்தெடுத்து 'ஸ்டார்ட்' அழுத்துங்கள். சாதாரண கம்ப்யூட்டரே போதும்.

நல்ல சென்சார் என்றால் என்ன?

நானும் முதலில் அதிக வெளிச்சம் தருவதே நல்ல சென்சார் என்று நினைத்தேன். அது தவறு. ஒரு சென்சார் 1,000-ல் இருந்து 1,500-க்குப் போகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். இன்னொன்று 100-ல் இருந்து 300-க்குப் போகிறது. முதலாவதுதான் பிரகாசம். ஆனால் அதன் ஏற்றம் 50 சதவீதம், இரண்டாவதன் ஏற்றம் 200 சதவீதம். இருட்டில் கிடந்து சட்டென்று எரிவதுதான் நமக்கு வேண்டும். ஏறிய அளவை ஆரம்ப அளவால் வகுக்கும் இந்தக் கணக்கை டெல்டா எஃப்/எஃப் என்கிறார்கள்.

அதைவிட முக்கியமானது பிடிப்பு. இதை எக்செல்லில் செய்து பார்த்தால்தான் மனதில் நிற்கும். 'ஏ' பத்தியில் இரண்டாம் வரியில் தொடங்கி 0.001, 0.01, 0.1, 1, 10, 100, 1000 என்று கீழே கீழே அடியுங்கள். இவை மைக்ரோமோலார் அளவில் செரடோனினின் செறிவு. 'பி' பத்தியில் இரண்டாம் வரியில் =ஏ2/(ஏ2+0.02) என்றும், 'சி' பத்தியில் =ஏ2/(ஏ2+300) என்றும் அடித்துக் கீழே இழுத்து விடுங்கள் (கட்டத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்). 0.02 என்பது இறுக்கமாகப் பிடிக்கும் சென்சார். 300 என்பது தளர்வாகப் பிடிப்பது. பிறகு 'எக்ஸ்ஒய் ஸ்கேட்டர்' வரைபடம் போட்டு, கீழ் அச்சில் ரைட் க்ளிக் செய்து 'லாகரித்மிக் ஸ்கேல்' கொடுங்கள்.

என்ன தெரிகிறது? 0.1 மைக்ரோமோலாரிலேயே இறுக்கமான சென்சார் 83 சதவீதம் எரிந்துவிட்டது. 1-ல் 98 சதவீதம். அதற்குமேல் பத்து மடங்கு செரடோனின் கொட்டினாலும் அதற்கு வித்தியாசம் தெரியாது. தளர்வான சென்சாரோ 1-ல் வெறும் 0.3 சதவீதம்தான் எரிகிறது. ஆனால் 100-ல் 25 சதவீதம், 1,000-ல் 77 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகிறது. இறுகப் பிடிப்பது விடுவதற்கும் நேரம் எடுக்கும் என்பதால், அடுத்தடுத்து வரும் இரண்டு துடிப்புகளை ஒன்றாகக் குழப்பிவிடவும் கூடும். ஐ-சீரோ-ஸ்னிஃபரின் பிடிப்பு சில நூறு மைக்ரோமோலார். அதாவது தளர்ந்த பிடி. அதனால்தான் மில்லிசெகண்டு கணக்கில் வந்து போகும் துடிப்பை அதனால் பின்தொடர முடிகிறது. தூரத்தில் மெல்லக் கசிந்து வரும் சிறிய அளவுக்கு அது உதவாது.

அந்த இடத்தைப் பிடித்தது வேறு குடும்பம். பாக்டீரியாவின் சிப்பியை விட்டுவிட்டு, செரடோனினைப் பிடிப்பதற்கென்றே நம் உடம்பில் உள்ள ஏற்பியையே சுவிட்சாக வைத்தார்கள். பீஜிங் பல்கலைக்கழகத்தில் யூலாங் லி குழு 2021-ல் வெளியிட்ட 'கிராப்' சென்சார் இந்த வகை. அதன் பிடிப்பு நானோமோலார் கணக்கில், அதாவது நம் வரைபடத்தின் இடது கோடு. அதே ஆண்டு டேவிஸ் வளாகத்தில் இருந்து 'சைக்லைட்' வந்தது. 2022-ல் வந்த 'எஸ்-டார்க்கன்' தலைகீழ். செரடோனின் வந்தால் அது மங்கும்! 2024-ல் லி குழு பச்சை, சிவப்பு என இரண்டு நிறங்களில் மேம்பட்ட கிராப் சென்சார்களை வெளியிட்டது. சிவப்பு எதற்கு என்றால், பச்சையில் இன்னொரு பொருளைப் பார்த்துக் கொண்டே இதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

ஏற்பி வகையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏற்பியைக் குறிவைக்கும் மருந்துகளும் அதில் போய் உட்கார்ந்துவிடும். மருந்து ஆராய்ச்சியில் இது இடைஞ்சல். சைக்லைட் செய்தவர்கள் இந்தக் குறையையே வேலைக்கு வைத்துக் கொண்டார்கள். ஒரு புது மருந்து மாயத் தோற்றங்களை உண்டாக்குமா, உண்டாக்காதா என்று சொல்லும் சோதனையாக அதை மாற்றினார்கள். இது எனக்கு மிகவும் ரசித்த இடம்.

சித்தப்பாவின் மாத்திரை

சித்தப்பா சாப்பிடுவது எஸ்ஸிட்டலோபிராம். வெளியே வந்த செரடோனினை நரம்பு செல் திரும்ப உறிஞ்சிக் கொள்ளும் கதவை இது அடைக்கிறது. கதவு சில மணி நேரத்தில் அடைபட்டுவிடுகிறது. மனசு தெளிய வாரக்கணக்கில் ஆகிறது. நடுவே என்ன நடக்கிறது? முழுப் பதில் இன்னும் கிடைக்கவில்லை. செரடோனின் குறைவதால்தான் மன அழுத்தம் வருகிறது என்று எளிமையாகச் சொல்லி வந்த கருத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2022-ல் வெளியான ஒரு தொகுப்பு ஆய்வு சொன்னது. மாத்திரை பலருக்கு உதவுகிறது என்பது வேறு, ஏன் உதவுகிறது என்பது வேறு.

சென்சார் இந்த இடத்தில்தான் நேரடியாக உதவிக்கு வருகிறது. ஐ-சீரோ-ஸ்னிஃபரை வைத்து அந்தக் கதவு எப்படி வேலை செய்கிறது, மருந்துகள் அதை எப்படி மாற்றுகின்றன என்று அளக்க ஒரு சோதனை முறையையும் 2020-லேயே உருவாக்கினார்கள். இன்னும் ஒரு படி மேலே போய், கால்டெக்கில் ஹென்றி லெஸ்டர் குழு அதே பாக்டீரியா சிப்பிக் குடும்பத்தை மாற்றி, எஸ்ஸிட்டலோபிராம் மாத்திரையையே மோப்பம் பிடிக்கும் சென்சாரைச் செய்தது. 2023-ல் வெளியான அந்த ஆய்வுப்படி, மருந்து செல்லுக்கு வெளியே கதவில் மட்டும் நிற்பதில்லை. சுமார் 10 வினாடிக்குள் செல்லுக்குள்ளேயே நுழைந்து, உள்ளறைகள் வரை போய்விடுகிறது. ஃபுளுவாக்ஸெட்டின் என்ற இன்னொரு மருந்துக்கு இதே வேலைக்குச் சில நிமிடங்கள் ஆகின்றன. இரண்டும் செல் சவ்வுகளில் பல மடங்கு சேர்கின்றன. வாரக்கணக்கில் நடக்கும் அந்த மாற்றத்துக்குக் காரணம் வெளிக் கதவில் மட்டும்தானா, உள்ளேயும் இருக்கிறதா என்று கேட்க இப்போது ஒரு கருவி இருக்கிறது.

இந்த விளக்குகளை எரிய வைக்க, வைரஸ் மூலமாக ஜீனை மூளைக்குள் அனுப்பி, கண்ணாடி இழையும் செருக வேண்டும். எலிக்குச் செய்யலாம். நோயாளிக்கு இதை ஒரு பரிசோதனையாகச் செய்வதில்லை.

இதையெல்லாம் சித்தப்பாவை என் நாற்காலியில் உட்கார வைத்து, பீப்பாயைச் சுற்றிக் காட்டிச் சொன்னேன். மவுஸைத் தானே வாங்கி நெடுநேரம் உருட்டிக் கொண்டிருந்தார். நெசவு மாதிரிதான் இருக்கிறது என்றார். கடைசியில் அந்த ரிப்போர்ட்டை எடுத்து மடித்தார்.

"அப்ப இதை டாக்டர்கிட்ட காட்ட வேண்டாமா?"

"காட்டுங்க சித்தப்பா, தப்பில்லை. ஆனா மாத்திரையை நீங்களா கூட்டவோ குறைக்கவோ கூடாதுங்க."

அடுத்த முறை சேலம் போய் வந்ததும் சொன்னார். டாக்டர் அந்த ரிப்போர்ட்டை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, தறிப் பக்கம் போகிறீர்களா என்று எப்போதும் கேட்பதையே அன்றைக்கும் கேட்டு எழுதிக் கொண்டாராம்.